இறந்தவர் பெயரில் ஃபாரம் 7: மழைக்காலக் கடனுக்கு முன்னால் எதையெல்லாம் சரிசெய்யணும்?

வயல்வரப்பு · 2019 ஏப்ரல் 22

எல்லாருக்கும் வணக்கம். திஞ்ஞான் (பர்மியப் புத்தாண்டு) லீவு முடிந்து ஆபீஸ்கள் திறந்தாச்சு. மழைக்கால நெல்லுக்கு விவசாய வங்கிக் கடன் வேலை இன்னும் சில வாரத்தில் தொடங்கும். மியன்மாரில் பெகு, தாட்டோன் பக்கத்து நம்ம தமிழ்க் கிராமங்களில் வீட்டுக்கு வீடு ஒரே சிக்கல்தான். அதனால் ஒரு மாதிரிக் குடும்பத்தை வைத்துக் கேட்கிறேன்.

நெல் வயல் 6 ஏக்கர். சாகுபடி உரிமைப் பத்திரமான ஃபாரம் 7 அப்பா பெயரில், அப்பா காலமாகிவிட்டார். அம்மா இருக்கிறார். மகன் இரண்டு, மகள் ஒன்று. மூத்தவர்தான் உழுகிறார். இளையவர் மலேசியாவில், மகள் கட்டிக்கொடுத்த ஊரில். சேர்ந்து ஜாமீன் நின்று கடன் எடுக்கும் வங்கிக் குழுவில் இன்னும் அப்பா பெயர்தான் இருக்கிறது.

கேட்க வேண்டியது இதுதான். இந்த ஒரு வருஷம் பழைய பெயரிலேயே கடன் எடுக்கலாமா? பெயர் மாற்றுவதென்றால் எந்தப் பேப்பர் முதலில்? கிடைக்கும் பணத்தில் நடவு முடியுமா? பத்திரம் சரியாகும்வரை வேறு எந்தத் திட்டம் கைகொடுக்கும்?

பட்டாகணக்கு · 2019 ஏப்ரல் 22

முதல் கேள்விக்கு: வேண்டாம் தம்பி. இறந்தவர் பெயரில் கைநாட்டு வைத்து எடுத்த கடன், ஒழுங்காகக் கட்டும்வரை யார் கண்ணிலும் படாது. கட்ட முடியாத வருஷத்தில்தான் வெளியே வரும். அப்போது அது வெறும் பாக்கி என்று யாரும் பார்க்க மாட்டார்கள், பொய்க் கையெழுத்து என்றுதான் பார்ப்பார்கள். குழுவில் சேர்ந்து கையெழுத்துப் போட்ட மற்றவர்களும் அதில் மாட்டுவார்கள்.

2012 விவசாய நிலச் சட்டப்படி நிலம் அரசாங்கத்தினுடையது. நம் கையில் இருப்பது சாகுபடி உரிமை, அதற்கு அத்தாட்சிதான் பர்மியர் 'பொங்சான் 7' என்கிற இந்தக் காகிதம். அந்த உரிமையை விற்கலாம், அடகு வைக்கலாம், குத்தகைக்கு விடலாம், மாற்றிக்கொள்ளலாம், தானம் கொடுக்கலாம். வாரிசுக்கும் போகும். ஆனால் எது நடந்தாலும் டவுன்ஷிப் மியேசாயின் (நிலப் பதிவேட்டு) ஆபீஸில் பதியணும். துறையின் பெயரை மாற்றிவிட்டார்கள், ஆனாலும் ஊர் வாயில் இன்னும் மியேசாயின்தான்.

கையில் இருக்க வேண்டியவை: அசல் ஃபாரம் 7, இறப்புச் சான்றிதழ், குடும்பப் பட்டியலான 66/6, வாரிசுகள் எல்லாருடைய அடையாள அட்டைப் பிரதி, இதுவரை கட்டிய நிலவரி ரசீதுகள், 'இன்னார் பெயருக்கு மாற்றச் சம்மதம்' என்று எல்லா வாரிசும் சேர்ந்து எழுதிய ஒப்பந்தம். இவற்றோடு ஃபாரம் 105, அதாவது நிலத்தின் வரைபடப் பிரதி.

எல்லாரும் 105-ஐ கடைசியில் வாங்குகிறார்கள். அதை முதலில் வாங்குங்கள். குவின் (வயல் பகுதி) எண்ணும் ஊபைங் (தனித் துண்டு) எண்ணும் ஃபாரம் 7-ல் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கா என்று பாருங்கள். பரப்பையும் பாருங்கள். வாயால் 6 ஏக்கர் என்போம், பேப்பரில் 5.83 என்று இருக்கும். கடன் கணக்கு பேப்பரில் இருக்கும் ஏக்கருக்குத்தான். வரப்பு நகர்ந்திருந்தாலோ, ஓடை ஓரம் கரைந்திருந்தாலோ, பக்கத்து வயலோடு எண் மாறியிருந்தாலோ இங்கேதான் தெரியும். அது தெரியாமல் வாரிசு மனுவைக் கொடுத்தால், பாதி வழியில் சர்வேயருக்குத் திரும்பி வரும். மழை இறங்கிவிட்டால் அளவு எடுக்க அவரும் வயலில் இறங்க முடியாது.

மனு முதலில் கிராம வட்டத்து நில நிர்வாகக் குழுவுக்குப் போகும். ஆட்சேபம் கேட்டு அறிவிப்பு ஒட்டுவார்கள். அந்தக் கெடு முடிந்தபின் டவுன்ஷிப் குழுவுக்குப் போகும், அதன் பிறகு பதிவு. ஒவ்வொரு படியிலும் தேதி போட்ட ரசீது கேட்டு வாங்குங்கள். 'கொடுத்தாச்சு' என்ற வாய் வார்த்தைக்கு மூன்று மாதம் கழித்து எந்த ஆபீஸிலும் மதிப்பில்லை.

வரி ரசீதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீங்க. நிலவரி ஏக்கருக்குச் சில கியாட்தான், அதனாலேயே பலபேர் ரசீதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நிலத்தை யார் வைத்து உழுதார் என்பதற்கு வருஷா வருஷம் அரசாங்கமே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் சாட்சி அது ஒன்றுதான்.

வழக்குமேசை · 2019 ஏப்ரல் 23

வாரிசு விஷயத்தில் நம்ம ஆட்கள் செய்யும் பெரிய தவறு, இந்திய இணையப் பக்கங்களைப் படித்துவிட்டுப் பங்கு பிரிப்பது. 1956-ன் இந்து வாரிசுச் சட்டம் இந்தியாவுக்கு உரியது, அதன் திருத்தங்களும் அப்படித்தான். இங்கே செல்லாது. இங்கே வாரிசுரிமைக்கு அடிப்படை 1898-ன் பர்மா சட்டங்கள் சட்டம், பிரிவு 13. அதன்படி இந்துவுக்கு இந்துச் சட்டம், பௌத்தருக்கு பௌத்தச் சட்டம், முஸ்லிமுக்கு முகமதியச் சட்டம். இந்துச் சட்டம் என்றால் இங்கே பழைய, தொகுக்கப்படாத சட்டம்தான். அதை எழுத்துக்கு எழுத்து நீதிமன்றத்தில் வாதாடினால் மகளுக்கும் விதவைத் தாய்க்கும் இந்தியாவில் இன்று கிடைக்கும் பங்கு இங்கே கிடைக்காது.

இன்னொரு முடிச்சும் உண்டு. அட்டையில் மதம் பௌத்தம் என்று பதிந்துவிட்டு, வீட்டில் முனீஸ்வரனுக்குப் படையல் போடும் குடும்பங்கள் இங்கே எத்தனையோ. சண்டை வந்தால் 'இவருக்கு எந்தச் சட்டம்' என்பதே தனி வழக்காகிவிடும்.

ஆகவே சண்டையில்லாத குடும்பம் நீதிமன்றம் பக்கமே போக வேண்டாம். எல்லா வாரிசும் மனமொத்து எழுதும் ஒப்பந்தம்தான் வேகமான வழி, நியாயமான வழியும் அதுவே. ஒரே ஒருவர் ஆட்சேபித்தாலும் நிலக் குழு கையை எடுத்துவிடும், வாரிசுத் தகராறு நீதிமன்றத்துக்குத்தான் போகும். அதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடும்.

மலேசியாவில் இருக்கும் இளையவர் அங்குள்ள மியன்மார் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி, அத்தாட்சி பெற்று அனுப்பணும். போனில் 'சரிண்ணே, நீயே வெச்சுக்கோ' என்று சொன்னது போதாது.

சங்கப்பெட்டி · 2019 ஏப்ரல் 23

வழக்குமேசை ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 'மூத்தவன் உழுகிறான், அவன் பேர்ல மாத்திடுவோம்' என்று சொல்லி அம்மாவிடம் கைநாட்டு வாங்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த அம்மாவுக்குக் கடன் குழுவிலும் இடமில்லை, நிலத்திலும் பேச்சில்லை. மருமகளோடு ஒத்துப்போகவில்லை என்றால் போக இடமும் இல்லை.

இதற்கு வழி ஒப்பந்தத்திலேயே இருக்கு. அம்மா உயிரோடு இருக்கிறவரை அவர் பெயருக்கே ஃபாரம் 7 மாற்றலாம். 18 வயது நிரம்பிய, அட்டையுள்ள, குடும்பத்தோடு சேர்ந்து விவசாயம் செய்கிற யாருக்கும் சாகுபடி உரிமை பெறத் தகுதி உண்டு. ஆண் பெயரில்தான் இருக்கணும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அது வேண்டாம், பிள்ளைகள் பெயருக்கே மாற்றுவோம் என்றால், நிலத்தைப் பிரித்து ஆளுக்கொரு ஊபைங் எண் வாங்கலாம். அதற்குச் சர்வே வேண்டும், செலவும் நாளும் கூடும். இரண்டும் முடியாவிட்டால் குறைந்தபட்சம் 'வருஷத்துக்கு இத்தனை டின் நெல் அம்மாவுக்கு, மகளுக்கு இத்தனை' என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள் (டின் என்பது இங்கத்து நெல் அளவு, சுமார் 21 கிலோ). 'அம்மாவைப் பார்த்துக்கொள்வோம்' என்ற வரியை வைத்துக்கொண்டு யாரும் எதையும் கேட்க முடியாது.

வயல்வரப்பு · 2019 ஏப்ரல் 23

அக்கா, அம்மா பெயருக்கு மாற்றினால் வங்கிக் குழுவில் அவரே போய் உட்காரணுமா? மூத்தவர் போனால் ஏற்பார்களா?

சங்கப்பெட்டி · 2019 ஏப்ரல் 23

பணம் வாங்கும் நாளில் பெயருக்குரியவர் நேரில் போகணும். மற்ற நாளில் மகன் அலையட்டும். வருஷத்தில் ஒரு நாள், கூட்டிப் போய்க் கூட்டி வந்தால் போதும்.

பட்டாகணக்கு · 2019 ஏப்ரல் 24

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆட்களின் மனுக்கள் அதிகமாக நிற்பது இங்கேதான்.

ஒரே மனிதர் அட்டையில் ஊ மியின் தெய்ன், ஃபாரம் 7-ல் ஊ காளி, வங்கிப் புத்தகத்தில் காளிமுத்து. ஊரில் எல்லாருக்கும் தெரியும், பேப்பருக்குத் தெரியாது. இதில் பலபேர் கவனிக்காமல் விடும் இடம் பிள்ளைகளின் அட்டை. அதில் தகப்பன் பெயர் என்று ஒரு வரி இருக்கும். வாரிசு என்று காட்டுவதே அந்த வரியை வைத்துத்தான். ஃபாரம் 7-ல் இருக்கும் பெயரும் மகன் அட்டையில் இருக்கும் தகப்பன் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால், மகன் யாரோ ஒருவர் ஆகிவிடுவார்.

அட்டையைத் திருத்தப் போகாதீங்க, அது வருஷக்கணக்கு வேலை. 'மேற்படி இரு பெயரும் ஒரே ஆள்' என்று சத்தியப் பத்திரம் எழுதி, கிராமத் தலைவர், பத்து வீட்டுத் தலைவர் அத்தாட்சியோடு மனுவில் சேருங்கள். அந்தப் பத்திரத்தில் பர்மியப் பெயர், தமிழ்ப் பெயரின் பர்மிய எழுத்து, பழைய ரசீதில் இருக்கும் எழுத்துப்பிழை வரைக்கும் எல்லா வடிவத்தையும் எழுதணும். இரண்டை மட்டும் எழுதிவிட்டால் மூன்றாவது வடிவம் இன்னொரு ஆபீஸில் எதிரே வந்து நிற்கும்.

அட்டை எண்ணையும் பிரித்துப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் எண் மாநிலம்: 7 பெகு, 10 மோன், 12 ரங்கூன், 14 ஐராவதி. அடுத்து டவுன்ஷிப் எழுத்துகள். அப்புறம் அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்து. 'நைங்' என்றால் முழுக் குடிமகன், 'எய்' என்றால் இணைக் குடிமகன், 'ப்யு' என்றால் குடியேற்றக் குடிமகன். 1982 குடியுரிமைச் சட்டம் வைத்த பிரிவுகள் இவை. மனுவில் இந்த எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். பழைய வெள்ளை அட்டை (தற்காலிக அடையாள அட்டை) 2015 மார்ச் 31-உடன் செல்லாமல் போய்விட்டது. அதை நகல் எடுத்து வைப்பது இந்த மனுவுக்கு உதவாது.

தாட்டோன்_ரப்பர் · 2019 ஏப்ரல் 24

நெல் வயலைப் பற்றியே பேசுகிறீர்கள். மோன் பக்கம் நம்ம ஆட்களிடம் இருப்பது பாதி ரப்பர், பாக்குத் தோட்டம், 'தனி' ஓலை (கூரை வேயும் நீப்பா பனை). பலதுக்கு ஃபாரம் 7 கிடையாது. 'தோட்டத்துக்கு எதுக்கு ஃபாரம்' என்று விட்டுவிட்டார்கள். இப்போது மார்ச் 11 கெடு முடிந்துவிட்டது என்று ஊரெல்லாம் பயம்.

வழக்குமேசை · 2019 ஏப்ரல் 24

பயத்தையும் சட்டத்தையும் பிரித்துப் பார்க்கலாம் அண்ணே.

மார்ச் 11 கெடு காலி, தரிசு, புதுநிலச் சட்டத்துக்கு உரியது. 2018 செப்டம்பரில் அதைத் திருத்தினார்கள், அனுமதியில்லாமல் அப்படிப்பட்ட நிலத்தில் இருப்பவர்கள் மனுப் போட ஆறு மாதம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் அனுமதியில்லாமல் இருந்தால் இரண்டு வருஷம் வரை சிறை, ஐந்து லட்சம் கியாட் வரை அபராதம், அல்லது இரண்டும். கடுமையான திருத்தம். தலைமுறையாகப் பாடுபட்டு மண்ணைத் திருத்தியவனையும் ஆக்கிரமிப்பாளன் ஆக்குகிற சட்டம் அது, எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஆனால் கேள்வி, உங்கள் தோட்டம் அந்தச் சட்டத்துக்குள் வருகிறதா என்பது. விவசாய நிலச் சட்டத்தில் 'விவசாய நிலம்' என்பதற்குள் நெல் வயல், மேட்டு நிலம், ஆற்றுப்படுகை நிலம், மலைச்சாகுபடி நிலம், நீண்டகாலப் பயிர் நிலம், 'தனி' ஓலை நிலம், தோட்ட நிலம் எல்லாம் வரும். ரப்பரும் பாக்கும் நீண்டகாலப் பயிர். அதற்கும் ஃபாரம் 7 கேட்கலாம். முதலில் மியேசாயின் வரைபடத்தில் உங்கள் துண்டு எந்த வகையாகக் குறிக்கப்பட்டிருக்கு என்று பாருங்கள். விவசாய நிலமாக இருந்தால் இந்தச் சட்டத்தின் கீழ் மனு. காலி நிலம் என்று இருந்தால் தனியாகப் போகாமல், அதே குவினில் இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து, மரத்தின் வயது, வரி ரசீது, கிராமத் தலைவர் கடிதத்தோடு போங்கள். ஒரு ரப்பர் மரத்தின் பால் வெட்டுத் தழும்பே அதில் எத்தனை வருஷமாகப் பால் வெட்டுகிறோம் என்று ஓரளவு சொல்லிவிடும். அதைப் படம் எடுத்து மனுவோடு சேருங்கள்.

களத்துமேடு · 2019 ஏப்ரல் 25

பணக் கணக்கை யாரும் தொடவில்லையே. இந்த 2019-ல் மழைக்கால நெல்லுக்கு வங்கி தருவது ஏக்கருக்கு ஒன்றரை லட்சம் கியாட், உச்சவரம்பு 10 ஏக்கர். வட்டி வருஷத்துக்கு 8 சதம். 6 ஏக்கருக்கு 9 லட்சம். ஒன்பது மாதம் வைத்திருந்தால் வட்டி 54,000. இதே பணத்தை வெளியில் மாதம் 5 வட்டிக்கு எடுத்தால் ஒன்பது மாதத்தில் வட்டி மட்டும் 4,05,000. ஃபாரம் 7-க்காக அலைகிற அலைச்சலுக்குக் கூலி இந்த வித்தியாசம்தான்.

ஆனால் உழவு, நாற்று, நடவுக்கூலி, உரம், அறுப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றரை லட்சம் போதாது. அதனால் இந்தப் பணத்தை நடவுக்கும் உரத்துக்கும் மட்டும் கட்டி வையுங்கள். அறுப்புக்கூலியை நெல்லாகக் கொடுக்கலாம். யூரியாவைக் கடனுக்கு வாங்கினால் வியாபாரி நெல் விலையை இப்போதே பேசி முடித்துவிடுவார். நஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

திருப்பிக் கட்டும் கணக்கு. போன வருஷம் (2018) அரசாங்கம் அறிவித்த குறைந்தபட்ச விலை 100 டின்னுக்கு 5 லட்சம். அசலும் வட்டியும் 9,54,000. அந்த விலையில் 191 டின் விற்றாகணும். ஏக்கருக்கு 60 டின் விளைந்தால் மொத்தம் 360. பாதிக்கும் மேல் கடனுக்கே. சந்தையில் 100 டின் 4 லட்சத்துக்கு இறங்கினால் 239 டின். வீட்டுச் சாப்பாடும் விதையும் போக மிச்சம் என்ன என்று இப்போதே எழுதிப் பாருங்கள், கடன் வாங்கின பிறகு வேண்டாம்.

இப்போ அந்த 5 லட்சம் யாருக்குக் கிடைக்கும்? 14 சத ஈரத்தில் இருக்கும் நெல்லுக்கு. மெஷின் அறுத்த நெல் 22 சதத்திலும் வரும், 25-லும் வரும். அதை அப்படியே மூட்டை கட்டிக் கொண்டுபோய் 'அரசாங்க விலை எங்கே' என்று கேட்டால் வாங்குபவர் கழிக்கத்தான் செய்வார். நியாயமான கழிவு எவ்வளவு என்று நமக்குத் தெரிஞ்சிருக்கணும். 22 சத ஈரம் என்றால் உலர்பொருள் 78. 14 சதத்தில் 86. 78-ஐ 86-ஆல் வகுத்தால், 100 டின் எடைக்கு 90.7 டின். 20 சதத்தில் 93. 18 சதத்தில் 95.3. இதற்கு மேல் ஒரு டின் கழித்தாலும் கேளுங்கள், அது ஈரத்துக்கான கழிவே இல்லை.

டின் என்பதும் இரண்டு. கூடையில் அளக்கிற டின் 16 ப்யீ, ஒரு ப்யீக்கு எட்டு பால்டப்பா. எடை டின் 46 பவுண்டு, கிட்டத்தட்ட 20.9 கிலோ, வீசையில் 12 முக்கால். பதர் உள்ள நெல் கூடையில் நிரம்பும், தராசில் ஏறாது. தூற்றாமல் கொண்டுபோனால் கூடைக்கணக்கில் 100, எடைக்கணக்கில் 94, 95 என்று வரும். சண்டை எல்லாம் இதில்தான். (வீசை என்ற பேரைக் கேட்டு தமிழ்நாட்டுக் கணக்குப் போடாதீங்க. சென்னை வீசை 1.4 கிலோ, இங்கே 1.63.)

வயல்வரப்பு · 2019 ஏப்ரல் 25

அண்ணே, ஈரம் பார்க்க மீட்டர் வியாபாரியிடம்தான் இருக்கு. வீட்டில் எப்படிப் பார்ப்பது?

களத்துமேடு · 2019 ஏப்ரல் 25

மூடி உள்ள கண்ணாடி பாட்டில் ஒன்று எடுங்க. உள்ளே சொட்டு ஈரம் இருக்கக்கூடாது. வெயிலில் நன்றாகக் காய்ந்த பொடி உப்பு ஒரு கரண்டி, அரை பாட்டில் நெல். இரண்டு மூன்று நிமிஷம் குலுக்குங்க. சற்று நேரம் வைத்துப் பாருங்க. உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் 15 சதத்துக்கு மேல் ஈரம். ஒட்டாமல் அடியில் விழுந்தால் விற்கலாம். மழை நாளில் உப்பே ஈரம் இழுத்திருக்கும், அதனால் வாணலியில் வறுத்து ஆறவைத்த உப்பு நல்லது.

காயப்போடும்போது இரண்டு மூன்று விரல் கனத்துக்கு மேல் பரப்பாதீங்க. அரை மணிக்கு ஒரு தடவை புரட்டணும். நடுப்பகல் வெயிலில் புரட்டாமல் விட்டால் மேல் நெல் வெடிக்கும், அரைத்தால் நொய்யாகும். அறுத்த 24 மணிக்குள் காய ஆரம்பிக்கணும். மூட்டையில் கட்டிய ஈர நெல் இரண்டு ராத்திரியில் சூடேறி மஞ்சள் அடிக்கும். அப்புறம் எவ்வளவு காயவைத்தாலும் நிறம் திரும்பாது.

யூரியா விஷயமும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடன் பணத்தில் பாதி அதில்தான் கரையும். 50 கிலோ மூட்டையில் தழைச்சத்து 23 கிலோ. முழு மூட்டையையும் நட்டவுடன் வீசிவிட்டு, அடுத்த மழையில் வரப்பு வழிந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது வருஷா வருஷம் நடக்கிறது. பாதியைத் தூர் கட்டும்போது போடுங்க. மீதியைக் கதிர் உருவாகும்போது. அது எப்போது என்று தெரிய, நல்ல தூர் ஒன்றைப் பிடுங்கி அடித்தண்டை நீளவாக்கில் பிளந்து பாருங்க. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் வெள்ளையாக, பஞ்சு மாதிரி ஒரு முனை தெரிந்தால் அன்றைக்குப் போடலாம். தண்ணீரை விரல்கடை ஆழத்துக்கு வடித்துவிட்டு வீசணும், இரண்டு மூன்று நாள் கழித்துத் தண்ணீர் கட்டணும்.

உளுந்துக்களம் · 2019 ஏப்ரல் 26

குழு விஷயத்தில் ஒன்று. ஐந்து முதல் பத்து பேர் சேர்ந்து ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்றால்தான் வங்கி கொடுக்கும். நம்ம ஆட்கள் மாமன் மச்சானாகச் சேர்ந்து குழு போடுகிறார்கள். அது நல்லதா?

சங்கப்பெட்டி · 2019 ஏப்ரல் 26

நல்லதில்லை. ஒரு குடும்பத்தில் ஒரு சாவு, ஒரு கல்யாணம் என்றால் ஐந்து பேருக்கும் ஒரே மாதத்தில் செலவு. கட்டாத மச்சானைக் கேட்கவும் வாய் வராது. பக்கத்து வயல்காரர்கள், பர்மியரோ கரேனியரோ யாராக இருந்தாலும், ஒழுங்காகக் கட்டுகிறவர்களோடு சேருங்கள்.

பட்டாகணக்கு · 2019 ஏப்ரல் 26

நான் அக்கா சொல்வதோடு முழுக்க ஒத்துப்போக மாட்டேன். வேற்று ஆட்கள் குழுவில் வாரிசுப் பெயர் மாற்றம் நடக்கும் வருஷத்தில் இடம் கொடுக்கத் தயங்குவார்கள், உறவுக்காரர்தான் பொறுப்பார்கள். இரண்டும் கலந்து இருக்கட்டும். முக்கியம் உறவு இல்லை. எல்லாருக்கும் அவரவர் பெயரில் ஃபாரம் 7 இருக்கணும், எல்லார் வயலும் ஒரே வெள்ளத்தில் மூழ்குகிற பள்ளமாக இருக்கக்கூடாது. 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யாராவது ஒருவர் பயிர் வயலில் நிற்கும்போதே நெல் வியாபாரிக்குப் பச்சையாக விற்றுவிட்டாரா என்றும் விசாரியுங்கள். அவர் அறுப்பு வியாபாரி வண்டிக்குப் போகும், வங்கிக்கு வராது.

வழக்குமேசை · 2019 ஏப்ரல் 26

இதோடு சேர்ந்த ஒன்று. பணத்துக்கு ஃபாரம் 7-ஐத் தனியாரிடம் அடகாகக் கொடுப்பது சட்டப்படி செல்லாது. சாகுபடி உரிமையை அரசாங்க வங்கியிலோ அரசாங்கம் அனுமதித்த வங்கியிலோதான், விவசாய முதலுக்காக மட்டும் அடகு வைக்கலாம். இந்த விதியின் பின்னால் இந்த நாட்டுக்கு ஒரு நினைவு இருக்கு, அதில் நாமும் இருக்கிறோம். கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்தது சாகுபடி நிலத்தில் 6 சதம். உலகப் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது கால்வாசியானது. வேண்டி வாங்கிய நிலம் இல்லை அது, வராத கடனுக்கு வந்த நிலம். ஆனால் நிலத்தை இழந்த உழவனுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? 1948 நில தேசியமயச் சட்டமும் அதன் பின்னால் வந்தவையும் அந்த மண்ணில் முளைத்தவை. ஆகவே கையில் காகிதம் வாங்கி வைத்துக்கொண்டு கடன் கொடுக்கும் நம்ம ஆட்களுக்கும் சொல்கிறேன்: அந்தக் காகிதத்தை வைத்து ஒரு கோணிப்பை நெல்லைக்கூட நீங்கள் கேட்க முடியாது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உளுந்துக்களம் · 2019 ஏப்ரல் 27

நெல்லுக்குப் பின் உளுந்து போடுகிறவர்களுக்கு: குளிர்காலக் கடன் தனி மனு, ஆனால் மழைக்காலப் பாக்கி இருந்தால் பேச்சே இல்லை. உளுந்தை நம்பி நெல் கடனைத் தள்ளிப்போடாதீங்க. 2017 ஆகஸ்டில் இந்தியா உளுந்துக்கும் துவரைக்கும் இறக்குமதி அளவு வைத்ததும் விலை எப்படி விழுந்தது என்று பெகு பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். பெரும்பாலும் வாங்குகிறது ஒரே நாடு, கதவைச் சாத்த ஒரு அறிவிப்பு போதும்.

வயல்வரப்பு · 2019 ஏப்ரல் 27

நாலாவது கேள்வி பாக்கி. பெயர் மாறும்வரை இந்த மழைக்கு என்ன வழி?

சங்கப்பெட்டி · 2019 ஏப்ரல் 27

ஊரில் மியா செய்ன் யவுங் இருக்கா என்று பாருங்க. பச்சைக் கிராமத் திட்டம், கிராம வளர்ச்சித் துறை நடத்துகிறது. தேர்ந்தெடுத்த கிராமத்துக்கு மூன்று கோடி கியாட் சுழல் நிதி, கிராமக் குழுவே கொடுத்து வாங்கும். இதற்கு நிலப் பத்திரம் தேவையில்லை, குழு ஜாமீன் போதும். நிலமில்லாத கூலிக்காரர் ஆடு கோழி வளர்க்க, பெட்டிக்கடை வைக்கவும் எடுக்கலாம்.

பெரிய தொகை எதிர்பார்க்காதீங்க. 150 வீடு உள்ள ஊரில் சமமாகப் போட்டால் வீட்டுக்கு 2 லட்சம். 6 ஏக்கர் நடவுக்குக் காணாது, உரத்துக்கு ஆகும். இந்த நிதி எப்படிக் கெட்டுப்போகிறது என்றும் சொல்கிறேன், உங்கள் ஊரில் நடக்காமல் பார்த்துக்கொள்ளலாம். கெடு நாளில் வட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு அசலை 'கட்டியதாக' எழுதி அன்றைக்கே மறுபடி கொடுத்ததாகவும் எழுதுவார்கள். புத்தகத்தில் எல்லாம் சுத்தம், பெட்டியில் பணம் இல்லை. இரண்டு மூன்று சுற்றில் அதே இருபது வீட்டுக்குள் நிதி நின்றுவிடும். தடுக்க ஒரு வழிதான்: கெடு நாளில் எல்லா அசலும் ரொக்கமாக மேசைக்கு வந்து, எல்லார் முன்னாலும் எண்ணி, ஒரு ராத்திரியாவது குழுக் கணக்கில் இருந்து, அப்புறம்தான் அடுத்த சுற்று. வாங்கியவர் பெயர், தொகை, கெடு மூன்றும் ஊர்ப் பொது இடத்தில் ஒட்டணும். ஒட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தாட்டோன்_ரப்பர் · 2019 ஏப்ரல் 27

உலக வங்கிப் பணத்தில் நடக்கும் சமூக வளர்ச்சித் திட்டம் சில டவுன்ஷிப்பில் இருக்கே, அதில் கேட்கலாமா?

சங்கப்பெட்டி · 2019 ஏப்ரல் 27

அது தனியாளுக்குக் கடன் தராது. 2013-லிருந்து இந்த 2019 வரை நடக்கிறது, கிராம வட்டத்துக்கு மானியம் வரும், பாதை, பாலம், பள்ளிக்கூடம், தண்ணீர் என்று ஊரே கூடித் தேர்ந்தெடுக்கணும். ஆனால் கூட்டத்துக்குப் போங்க. நம்ம தெரு ஆட்கள் போகாத ஊரில் பாதை நம்ம தெருவுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். வயலுக்குப் போகும் பாதையில் ஒரு சிறு பாலம் வந்தால், அறுப்பு மெஷினும் நெல் வண்டியும் களம்வரை வரும். தலைச்சுமைக் கூலி மிச்சம்.

வயல்வரப்பு · 2019 ஏப்ரல் 28

எல்லாருக்கும் நன்றி. திங்கட்கிழமை 105 வாங்கப் போகும்போதே ஒப்பந்தத்தையும் எழுதி வைக்கலாம் என்று பார்க்கிறேன். கடைசியாக ஒன்று. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டு செல்லுமா?

வழக்குமேசை · 2019 ஏப்ரல் 28

செல்லும். பக்கத்தில் அவர் பெயரும் அட்டை எண்ணும் எழுதி, படிக்கத் தெரிந்த இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடணும். சாட்சிகள் வாரிசுகளாக இருக்கக்கூடாது. 'முழுவதும் அவருக்குப் படித்துக்காட்டி, அவர் ஒப்புக்கொண்ட பின் கைநாட்டு வைத்தார்' என்ற வரியைக் கடைசியில் சேருங்கள். ஒப்பந்தம் பர்மிய மொழியில் இருக்கும், அதை அவருக்குத் தமிழில் சொல்லுங்கள். நிலம் யார் பெயருக்குப் போகிறது, அவருக்கு எத்தனை டின் என்ற இரண்டு வரியையும் இரண்டு தடவை சொல்லி, அவர் வாயால் திருப்பிச் சொல்லக் கேட்ட பிறகு மையை எடுங்கள்.